9 மாதக் குழந்தையோடு பினாங்கிலிருந்து பெர்த்: மடியிலா, தனி சீட்டா, ராத்திரி ஃபிளைட்டா?

ஆயர்ஈத்தாம்_அம்மா
வணக்கம். டிசம்பரில் பாப்பாவுக்கு 9 மாதம் முடிந்திருக்கும், எடை எட்டரைக் கிலோ வரும். முதல் வெளிநாட்டுப் பயணம்: பெர்த்தில் ஒரு வாரம். கோலாலம்பூர் (கேஎல்) விமான நிலையமான கேஎல்ஐஏவிலிருந்து நேரடி விமானம். வீட்டுக்காரர் ராத்திரி ஃபிளைட் எடுத்தால் மடியிலேயே தூங்கிவிடும் என்கிறார். தனி சீட் வாங்கி கார் சீட்டில் வைத்தால் நல்லதோ என்று எனக்கு யோசனை. பினாங்கிலிருந்து கேஎல் வரை விமானமா, இடிஎஸ் விரைவு ரயிலா என்பதும் முடிவாகவில்லை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ரவாங்_டிக்கெட்
அக்கா, மடியே போதும். 2 வயது நிறையும் வரை மடிக்குழந்தைக் கட்டணம்தான். முழுச்சேவை ஏர்லைனில் பெரியவர் கட்டணத்தில் ஏறக்குறைய 10 விழுக்காடு, பட்ஜெட்டில் ஒரு நிலையான தொகை. பெர்த் ஐந்தரை மணி நேரத்துக்குச் சற்று கூடுதல். அங்கேயும் இங்கேயும் ஒரே நேரம் என்பதால் குழந்தையின் தூக்கக் கணக்கு புரளாது. முதல் பயணத்துக்கு இதைவிட நல்ல ஊர் கிடைப்பது கஷ்டம்.

ராத்திரி ஃபிளைட்டுக்கு என் ஓட்டு. பேசினெட் (முதல் வரிசைச் சுவரில் மாட்டும் குழந்தைத் தொட்டில்) வேண்டுமென்றால் போன் போட்டுப் பதியுங்கள். ஆன்லைனில் முதல் வரிசை சீட்டுக்குக் காசு கட்டியதாலேயே பேசினெட் வந்துவிடாது. எடை வரம்பையும் அப்போதே கேளுங்கள், ஏர்லைனுக்கு ஏர்லைன் மாறும். பட்ஜெட் விமானத்தில் பேசினெட்டை எதிர்பார்க்க வேண்டாம்.

இன்னொன்று: டிக்கெட் படிவம் நம் பெயர்களில் வரும் ஏ/பி (மகள்), ஏ/எல் (மகன்) சாய்கோட்டை ஏற்காது. கோடு இல்லாமல் போடுங்கள். ஆனால் அப்பா, அம்மா, குழந்தை மூவருக்கும் ஒரே மாதிரி போட வேண்டும். ஒருவருக்கு ஏபி இருந்து இன்னொருவருக்கு இல்லாவிட்டால் செக்-இன் கவுண்டரில் நேரம் போகும்.

சுங்கைடுவா_சீட்பெல்ட்
ரவாங் சொன்ன கட்டணக் கணக்கு சரி, பாதுகாப்புக் கணக்கு சரியில்லை. எட்டரைக் கிலோ குழந்தையை விமானம் திடீரென்று இறங்கும்போது கையால் பிடித்து நிறுத்த முடியாது. தாயின் பலத்தைக் குறை சொல்லவில்லை, அந்த வேகத்தில் எடை பல மடங்காகிவிடும். மடிக்குழந்தைக்குக் கொடுக்கும் துணை பெல்ட் குழந்தையைப் பறக்கவிடாது, ஆனால் முன்பக்கம் மடங்கும் பெரியவரின் உடம்பு குழந்தைமேல்தான் விழும். அமெரிக்க விமானத் துறை அந்த பெல்ட்டை அனுமதிப்பதில்லை, குழந்தையைத் தனி சீட்டில் கார் சீட்டோடு வைக்கச் சொல்கிறது. நம் ஊர் சாலையில் 2020 ஜனவரி 1 முதல் கார் சீட் கட்டாயம். ஆகாயத்தில் மட்டும் மடி போதும் என்பது என்ன நியாயம்?

ரவாங்_டிக்கெட்
நியாயம் பேசுவது சுலபம், சுங்கைடுவா. எக்கானமி சீட்டின் அகலம் 17 அங்குலம் அளவுதான். நம் வீடுகளில் இருக்கும் சுழலும் கார் சீட் அதில் இறங்காது, எடையும் 10 கிலோவைத் தாண்டும். பின்பக்கம் பார்த்து வைத்தால் முன்சீட்காரர் சாய முடியாது. சீட்டுக்குக் காசு கட்டி, கதவருகே கார் சீட்டை மறுத்துவிட்டால் குழந்தை மறுபடி மடிக்குத்தான் வரும். 9 மாதக் குழந்தையை வெறும் சீட்டில் உட்கார வைத்து இடுப்பு பெல்ட் போட முடியாது.

அதைவிடப் பெரிய சிக்கல் பெர்த்தில். ஆஸ்திரேலியாவில் காரில் வைக்கும் சீட்டில் அவர்களுடைய தரமான ஏஎஸ்/என்இசட்எஸ் 1754 முத்திரை இருக்க வேண்டும். நம்முடைய சீட்டில் இருக்கும் ஆர்44, ஆர்129 தர ஒட்டுவில்லை அங்கே செல்லாது. அத்தனை தூரம் சுமந்து போன சீட்டை வாடகைக் காரில் சட்டப்படி மாட்டவே முடியாது.

சுங்கைடுவா_சீட்பெல்ட்
1754 விஷயம் உண்மை, ஒத்துக்கொள்கிறேன். வாடகைக் காரோடு அங்கேயே சீட் எடுக்க வேண்டும். முன்பதிவில் குழந்தையின் வயதை எழுதுங்கள். சட்டப்படி 6 மாதம் தாண்டினால் முன்பக்கம் பார்த்தும் வைக்கலாம், ஆனால் 9 மாதத்துக்குப் பின்பக்கம் பார்த்த சீட்டைக் கேட்டு வாங்குங்கள். எடுத்ததும் மேல்வார் (சீட்டின் மேல்பகுதியைக் காரோடு இழுத்துக் கட்டும் வார்) கொக்கி இருக்கிறதா, காரில் அதை மாட்டும் வளையம் எங்கே என்று பாருங்கள். நம் ஆட்கள் அந்த வாரைத் தொங்கவிட்டு ஓட்டுவது சகஜம், அது இல்லாமல் சீட் முன்னால் கவிழும்.

ஆனால் விமானத்துக்கு என் பேச்சு மாறவில்லை. கையில் தூக்கும் சிறிய வகை சீட் 3, 4 கிலோதான், அகலமும் குறைவு. அதன் எடை வரம்புக்குள் பாப்பா இன்னும் இருந்தால் அது சீட்டில் அடங்கும். ஏர்லைனுக்கு மாடல் பெயரையும் அகலத்தையும் அனுப்பி, பதிலை எழுத்தில் வாங்கி, அப்புறம் காசு கட்டுங்கள்.

தாதி_கிள்ளான்
சீட் சண்டை இருக்கட்டும், ராத்திரி ஃபிளைட்டை நான் எதிர்க்கிறேன். குழந்தை தூங்கும் என்கிறீர்கள். நடுராத்திரியில் மடியில் வைத்திருக்கும் அப்பாவும் அம்மாவும் தூங்காமல் இருப்பார்களா? குழந்தையை மார்மேல் போட்டபடி பெரியவர் அசந்துவிட்டால், சோபாவில் போட்டுக்கொண்டு தூங்குவதற்கும் அதற்கும் வித்தியாசம் இல்லை. முகம் துணியில் புதைந்து மூச்சடைக்கும். பேசினெட் கிடைத்தாலும், சீட்பெல்ட் விளக்கு எரியும்போதெல்லாம் குழந்தையைத் தூக்கியாக வேண்டும். காலை ஃபிளைட் எடுத்து, ஒருவர் மாற்றி ஒருவர் விழித்திருங்கள்.

காது விஷயம். ஏறும்போதைவிட இறங்கும்போதுதான் வலி அதிகம், காரணம் வெளியழுத்தம் கூடும்போது மூக்கையும் காதையும் இணைக்கும் குழாய் தானாகத் திறக்காது. விழுங்கினால்தான் திறக்கும். தரையிறங்க அரை மணி நேரம் இருக்கும்போதே இறக்கம் தொடங்கிவிடும், சக்கரம் இறக்கும்போது பால் கொடுப்பது தாமதம். அதற்கு ஒரு பசியை மிச்சம் வையுங்கள். தலை உயர்ந்திருக்கட்டும், தாய்ப்பாலோ புட்டியோ சூப்பானோ எதுவும் சரி.

தடுப்பூசி: 9 மாத எம்எம்ஆர் (தட்டம்மை, புட்டாளம்மை, ரூபெல்லா ஊசி) போட்ட அன்றே காய்ச்சல் வராது, 7 முதல் 12 நாளுக்குள்தான் எட்டிப் பார்க்கும். பயணத்துக்கு ஒரு வாரம் முன் ஊசி போட்டால் காய்ச்சல் சரியாக விமானத்தில் வரும். நாள் கணக்கை கிளினிக்கில் பேசி முன்கூட்டியே போட்டுவிடுங்கள்.

பாராசிட்டமால் சிரப் எடுத்துப் போங்கள், புட்டியைப் படித்து எடுங்கள். 5 மில்லியில் 120 மில்லிகிராம் உள்ளது, 250 உள்ளது என்று இரண்டு உண்டு. ஒரு கிலோவுக்கு 15 மில்லிகிராம் கணக்கில், எட்டரைக் கிலோவுக்கு முதல் வகை 5 மில்லி, இரண்டாவது இரண்டரை மில்லி. புட்டி மாறினால் அளவு இரட்டிப்பாகும்.

ஜெலுத்தோங்_மணி
ஏன் இவ்வளவு கவலை? ஏறும்முன் சளி மருந்து கொஞ்சம் கொடுத்தால் இறங்கும்வரை தூங்கும். எல்லாரும் செய்வதுதான். வயிற்றுக்கு யூ யீ எண்ணெய் தடவிவிடுங்கள்.

தாதி_கிள்ளான்
மணி அண்ணே, தயவுசெய்து இதைப் பரப்பாதீர்கள். தூக்கம் வரவழைக்கும் சளி மருந்துகளில் புரோமெத்தசின் 2 வயதுக்குக் கீழே கொடுக்கவே கூடாது, மூச்சை மந்தமாக்கும். சில குழந்தைகளுக்கு நேர்மாறாக வேலை செய்து மணிக்கணக்கில் கத்தவும் வைக்கும். விமான கேபின் காற்று 6,000 முதல் 8,000 அடி மலை உயரத்துக் காற்றுக்குச் சமம். அங்கே போய் மூச்சோடு விளையாட வேண்டாம். எண்ணெயை மூக்குப் பக்கம் கொண்டு போகாதீர்கள்.

பாப்பாவுக்கு ஜி6பிடி (ரத்த அணுவைக் காக்கும் நொதி) குறைபாடு என்று பிறந்தபோது சொல்லியிருந்தால் இன்னொரு எச்சரிக்கை: ஸ்டோரில் கிடக்கும் பயணப்பெட்டியில் அந்துருண்டை போட்டிருப்பார்கள். அந்தப் பெட்டியில் குழந்தைத் துணி வைக்கவே கூடாது. துவைத்தாலும் வாசம் போகாது, ரத்த அணு உடையும்.

கோலகுராவ்_75
2 வயது வரை பொறுத்தால் இந்தத் தலைவலி எதுவும் இல்லையே. குழந்தைக்கு நினைவிலும் நிற்காது.

ரவாங்_டிக்கெட்
பொறுத்தால் தனி டிக்கெட், ஐயா. அதுவும் இரண்டு வயதுக் குழந்தையை ஐந்தரை மணி நேரம் ஓரிடத்தில் வைப்பதுதான் உண்மையான தலைவலி. 9 மாதத்தில் நடக்காது, வாயில் வைக்க ஏதாவது கிடைத்தால் போதும். நினைவு அப்பா அம்மாவுக்கு நிற்கும், அதற்கும் மதிப்புண்டு.

கேஎல் வரை போவது பற்றி: பினாங்கிலிருந்து பெர்த் வரை ஒரே டிக்கெட்டாக எடுங்கள். பெட்டி நேராகப் போகும், முதல் ஃபிளைட் தாமதமானாலும் ஏர்லைன் பொறுப்பு. தனித்தனியாக எடுத்தால் நஷ்டம் உங்களுடையது. கேஎல் என்று போட்டிருந்தாலும் சுபாங்கா கேஎல்ஐஏவா என்று பாருங்கள். சுபாங்கில் ஜெட் விமானங்கள் மறுபடி இறங்குகின்றன. அங்கே இறங்கிவிட்டால் குழந்தையும் பெட்டியுமாக கேஎல்ஐஏ இருக்கும் சிப்பாங்குக்கு ஓட வேண்டும்.

தாதி_கிள்ளான்
அதில் காதுக்கு இரண்டு இறக்கம். மூக்கடைப்பு இருந்தால் இரண்டு தண்டனை. பட்டர்வொர்த்தில் இடிஎஸ் ஏறினால் நாலு மணி நேரம் அளவில் கேஎல் சென்ட்ரல், அங்கிருந்து கேஎல்ஐஏவுக்கு ஈஆர்எல் ரயிலில் அரை மணி. முதல் நாளே வந்து தங்கினால் பாப்பா தெளிவாக இருக்கும்.

ஆயர்ஈத்தாம்_அம்மா
ரொம்ப நன்றி. பாப்பா பால் மாவுதான். பாலும் சாப்பாடும் எவ்வளவு எடுப்பது? பாஸ்போர்ட், விசா?

தாதி_கிள்ளான்
வீட்டு வாசலிலிருந்து ஹோட்டல் வாசல் வரை எண்ணுங்கள், விமான நேரத்தை அல்ல. 12 மணி நேரம் என்றால் 4 வேளை, தாமதத்துக்கு இன்னும் 2. மாவை வேளைக்கு ஒரு டப்பாவாக அளந்து வையுங்கள். மாவு கிருமியற்றது அல்ல, அதனால் தண்ணீர் 70 டிகிரிக்குக் குறையக்கூடாது. கலக்கி, ஆற வைத்து, மணிக்கட்டில் சொட்டுவிட்டுப் பார்த்துக் கொடுங்கள். குடித்து மிஞ்சியதை ஒரு மணி நேரத்தில் கொட்டிவிடுங்கள். குழந்தையின் பாலுக்கும் தண்ணீருக்கும் 100 மில்லி வரம்பு இல்லை, சோதனையில் தனியாக எடுத்துக் காட்டினால் போதும். பெம்பர்ஸ் 2 மணிக்கு ஒன்று, மேலே 4. குழந்தைக்கு 2 செட் துணி, உங்களுக்கும் ஒரு சட்டை.

முதல் வரிசையில் உட்கார்ந்தால் காலடியில் பை வைக்க முடியாது, ஏறும்போதும் இறங்கும்போதும் எல்லாம் மேலே போய்விடும். ஒரு பெம்பர்ஸ், ஈரத்துணி, கலக்கிய புட்டி இந்த மூன்றையும் சிறு பையில் பிரித்து, மற்றதை மேலே வைக்கும் முன்பே கையில் எடுத்துவிடுங்கள்.

ரவாங்_டிக்கெட்
பாஸ்போர்ட்டுக்குக் குழந்தையை நேரில் கொண்டு போக வேண்டும். பிறப்புப் பத்திரம் அசல், பெற்றோர் மைகாட் (அடையாள அட்டை), 100 ரிங்கிட். வெள்ளைச் சட்டை போடாதீர்கள், படத்தின் பின்னணியும் வெள்ளை. ஆஸ்திரேலியாவுக்குக் குழந்தைக்கும் தனி இடிஏ (மின்னணுப் பயண அனுமதி). அவர்களுடைய செயலியில் சேவைக் கட்டணம் தலைக்கு 20 ஆஸ்திரேலிய டாலர். முகப்படம் தெளிவாக விழ, பகல் வெளிச்சத்தில் உட்கார்ந்து செய்யுங்கள்.

வீட்டில் அரைத்த சத்துமாவை விட்டுவிடுங்கள். தானியமும் பருப்பும் கலந்தது, பறிமுதலாக வாய்ப்பு அதிகம். டின் பால் மாவு உட்பட எல்லா உணவையும் வருகை அட்டையில் அறிவித்துவிடுங்கள். அறிவித்தால் மிஞ்சிப்போனால் பொருள் போகும், மறைத்தால் அபராதம்.

ஆயர்ஈத்தாம்_அம்மா
வீட்டில் பேசிவிட்டோம். இடிஎஸ்ஸில் முதல் நாளே கேஎல், காலை ஃபிளைட், மடி, கார் சீட் பெர்த்தில் வாடகைக்கு.

சுங்கைடுவா_சீட்பெல்ட்
மடியில் எனக்கு இன்னும் உடன்பாடில்லை, தங்கச்சி. அப்படியே போவதென்றால் இதைச் செய்யுங்கள். குழந்தை வைத்திருப்பவர் நடைபாதை ஓரம் உட்கார வேண்டாம். சூடான காப்பியும் தள்ளுவண்டியும் போகும் இடம் அது, குழந்தையின் கை நீளும். ஏறும்போதும் இறங்கும்போதும் துணை பெல்ட்டின் வளையத்தில் உங்கள் பெல்ட்டைக் கோர்த்துவிட்டுக் குழந்தைக்குத் தனியாக மாட்டுங்கள், இருவரையும் ஒரே பெல்ட்டுக்குள் சுற்றாதீர்கள். நெஞ்சில் கட்டும் கேரியரை அந்த நேரத்தில் கழற்றச் சொல்வார்கள், அதனால் தூங்கவைத்து அதிலேயே கட்டிக்கொண்டு ஏற வேண்டாம். கடைசியாக, இரண்டு பெரியவர் சீட்டும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். பல ஏர்லைன்கள் பணம் கட்டாவிட்டால் பிரித்துப் போடும், மடிக்குழந்தை இருந்தாலும்.