பள்ளத்தூர் வளவு அறைக்கு ஒரு சின்ன கேமிங் கம்ப்யூட்டர்: எந்தப் பெட்டி?

பள்ளத்தூரான்:

வணக்கம். சென்னையில் வேலை. அப்பத்தா ஊரில் தனியாக இருப்பதால் பதினைந்து நாளுக்கு ஒருமுறை பல்லவன் ரயில் ஏறிவிடுவேன். வந்தால் மூன்று நாள் தங்குவேன். இரவு அப்பத்தா படுத்த பிறகு கேம் ஆடுவது ஒன்றுதான் பொழுதுபோக்கு. லேப்டாப் இந்த ஊர்ச் சூட்டில் தவிக்கிறது. அதனால் ரயிலில் கையோடு கொண்டுவரக்கூடிய கம்ப்யூட்டர் ஒன்றை நானே கட்டப் போகிறேன்.

பிராசசர் ரைசன் 5 7600, கிராபிக்ஸ் கார்டு ஆர்டிஎக்ஸ் 4060, 32 ஜிபி ரேம் என்று முடிவு செய்துவிட்டேன். குழப்பம் இவற்றை வைக்கும் பெட்டியில்தான். ஃப்ராக்டல் டெர்ரா 10.4 லிட்டர், முகப்பில் வால்நட் மரம் வைத்திருக்கிறார்கள், எங்கள் தேக்கு நிலைக்குப் பக்கத்தில் அழகாக இருக்கும். கூலர் மாஸ்டர் என்ஆர்200 விலை குறைவு, ஆனால் 18.25 லிட்டர். வளவைச் (செட்டிநாட்டு வீட்டின் நடு முற்றம்) சுற்றியுள்ள அறைகளில் எங்கள் புள்ளிக்கு, அதாவது எங்கள் குடும்பத்துக்கு, ஒன்று உண்டு. எட்டுக்கு எட்டடி, வெளிப்பக்கம் ஜன்னல் கிடையாது. சுவரில் பதித்த அலமாரிக்குள் பெட்டியை வைத்துவிடலாம் என்று எண்ணம்.

இன்னொன்று: அந்த அறையில் லேப்டாப் சார்ஜ் ஏறும்போது மூடியைத் தொட்டால் விரலில் சுரசுரவென்கிறது. கிரைண்டரும் அப்படித்தான் என்று அப்பத்தா சொல்கிறார். இதனால் கம்ப்யூட்டருக்குக் கெடுதல் வருமா?

தேவகோட்டை ரஸ்தா:

என்ஆர்200 வாங்குங்கள். காற்று தாராளமாக வரும், 330 மி.மீ. நீளம் வரை கார்டு போடலாம், கை நுழைய இடம் இருக்கும். முதல் தடவை கட்டுபவர் டெர்ராவில் கேபிள் மடிப்பதற்குள் ஓய்ந்துபோவார். இந்தச் சின்னப் பெட்டிகளுக்கான மினி ஐடிஎக்ஸ் மதர்போர்டில் ரேம் போட இரண்டே இடம்தான்; 16 ஜிபி இரண்டாக இப்போதே வாங்கிவிடுங்கள். சில போர்டுகளில் இரண்டாவது எஸ்எஸ்டி அடிப்பக்கம் வரும். போர்டைப் பெட்டியில் முடுக்குவதற்கு முன்பே அதை மாட்டிவிட வேண்டும்.

கானாடுகாத்தான் வீடு:

தம்பி, பெட்டியைப் பற்றிப் பிறகு பேசுவோம். கடைசியில் போகிற போக்கில் எழுதினீர்களே, சுரசுரவென்கிறது என்று, அதுதான் எனக்குத் தூக்கிப் போட்டது. கிரைண்டரும் அப்படி என்றால் வீட்டில் எர்த் சரியில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். கம்ப்யூட்டரின் பவர் சப்ளைக்குள் இருக்கும் ஃபில்டர் கொஞ்சம் மின்சாரத்தை உலோகப் பெட்டிக்குக் கசியவிடும். எர்த் இருந்தால் அது மண்ணுக்குப் போய்விடும், இல்லாவிட்டால் உங்கள் விரலுக்கு வரும். கம்ப்யூட்டரை விடுங்கள், கிரைண்டருக்குள் ஒரு வயர் உரிந்தால் அப்பத்தாவின் கதி என்ன?

எங்கள் வீட்டிலும் இதே நிலைதான் இருந்தது. மரப்பலகை சுவிட்ச் போர்டு, மூன்று ஓட்டை பிளக் பாயின்ட். வயர்மேன் கழற்றிக் காட்டினார்: மேல் ஓட்டைக்குப் பின்னால் வயரே இல்லை, பித்தளைக் குழல் மட்டும் பச்சை பூத்து நின்றது. வெளியிலிருந்து பார்த்தால் மூன்று ஓட்டையும் ஒழுங்காகத்தான் தெரியும். பின்கட்டில் கிணற்றடி ஈரத்தில் குழி எடுத்து, குழாய் இறக்கி, கரியும் உப்பும் போட்டு, அங்கிருந்து புது எர்த் வயர் இழுத்தோம். பழைய வயர் ஓடும் மர ரீப்பர் ஓரமாகவே கொண்டுபோகச் சொன்னேன். சுவரின் முட்டைச் சாந்துப் பூச்சில் (முட்டை வெள்ளைக்கரு கலந்த சுண்ணாம்பு) ஒரு துளை விழுந்தால் அந்த வழவழப்பை மறுபடி கொண்டுவர இன்று கொத்தனார் கிடைப்பது அரிது. கையோடு ஆர்சிசிபி (மின்சாரம் கசிந்தால் தானே இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) ஒன்றும் மாட்டிவிடுங்கள்.

இனி பெட்டி. உங்களுக்கு டெர்ராதான். ரயிலில் வருகிற பொருளுக்கு எட்டு லிட்டர் வித்தியாசம் சின்னதல்ல. 4060 அதிகபட்சம் 115 வாட், 7600 இழுத்தால் 88 வாட். இந்தச் சூட்டை அந்தப் பெட்டி தாங்கும். டெர்ராவின் நடுத் தகடு நகரும்; மெல்லிய இரண்டு ஸ்லாட் கார்டாக எடுத்துத் தகட்டைத் தள்ளினால் கூலருக்கு 77 மி.மீ. உயரம் வரை கிடைக்கும். பிராசசரோடு தரும் கூலர் 54 மி.மீ.தான், அதுவும் நுழையும். ஆனால் சித்திரை வெயிலுக்கு 70 மி.மீ. நாக்டுவா எல்12எஸ் போட்டால் சத்தம் அடங்கும். பவர் சப்ளை எஸ்எஃப்எக்ஸ் என்னும் சிறிய அளவில் 550 வாட் போதும்.

அலமாரிக்குள் மட்டும் வைக்காதீர்கள். உள்ளே போகிற மின்சாரம் முழுவதும் சூடாகத்தான் வெளியே வரும். 250 வாட்டை மூன்று பக்கம் அடைத்த தேக்குப் பலகைக்குள் விட்டால், விட்ட காற்றையே அது திரும்ப இழுக்கும். பக்கவாட்டில் ஒரு சாண் இடம் விட்டு, அறை வாசலுக்கு நேரே மேசையில் வைத்துக் கதவைத் திறந்து வையுங்கள். முற்றம் வானம் பார்த்துத் திறந்திருக்கிறது, சூடு மேலே போய்விடும். நம் பாட்டன்மார் அந்த வீட்டைக் கட்டிய விதமே உங்களுக்குப் பாதி வேலையைச் செய்துகொடுக்கும். பயாஸில் (மதர்போர்டின் அமைப்புத் திரை) பிராசசரை 65 வாட்டுக்கும், கேமில் ஃப்ரேமை வினாடிக்கு 60க்கும் கட்டிப்போடுங்கள்.

பள்ளத்தூரான்:

அண்ணே, நன்றி. சனிக்கிழமை வயர்மேனை அழைத்துவந்தேன். பேஸுக்கும் எர்த் ஓட்டைக்கும் நடுவில் டெஸ்ட் லாம்ப் வைத்தார். பல்ப் எரியவே இல்லை. அடுப்படி, பட்டாலை (கூடம்), எங்கள் அறை, எங்குமே எர்த் இல்லை. வீடு எல்லாப் புள்ளிக்கும் பொது என்பதால் பெரியப்பாவிடம் போனில் கேட்டேன், உடனே செய்யச் சொல்லிவிட்டார். செலவு போக, இந்த மாதம் கார்டு வாங்கக் கையில் இல்லை. அடுத்த மாதம் பார்த்துக்கொள்கிறேன். வீட்டு இன்வெர்ட்டரிலேயே கம்ப்யூட்டரை ஓட்டலாமா?

கானாடுகாத்தான் வீடு:

நல்ல காரியம் செய்தீர்கள் தம்பி. இன்வெர்ட்டர் சைன் வேவ் (லைன் கரண்ட் போலச் சீரான அலை தரும்) வகையா என்று பாருங்கள். பின்னால் யுபிஎஸ் என்று ஒரு சுவிட்ச் இருந்தால் அதில் வையுங்கள். கரண்ட் போனால் கம்ப்யூட்டர் சப்ளை 16, 17 மில்லி வினாடிதான் தாக்குப்பிடிக்கும்; அதற்குள் இன்வெர்ட்டர் மாறிக்கொள்ள வேண்டும்.

தேவகோட்டை ரஸ்தா:

டெர்ராவே ஆகட்டும். முதல் முறை ஆன் செய்ததும் திரை சில நிமிடம் கருப்பாகவே நிற்கும், இந்தப் பிராசசருக்கான ஏஎம்5 போர்டு ரேமைப் பழகிக்கொள்கிறது. பயந்து கழற்றிவிடாதீர்கள். பல்லவனில் பெட்டியைச் சீட்டுக்கு அடியில் தள்ளாமல் மடியிலோ பக்கத்திலோ வைத்து வாருங்கள்.