முன்னும் பின்னும் சொக் உள்ள 29 அங்குலச் சைக்கிள்: தமிழில் என்ன சொல்லலாம்?

கிளிநொச்சியிலிருந்து, சைக்கிள் திருத்தும் வகுப்பு நடத்துபவர்:

எல்லோருக்கும் வணக்கம். வெள்ளிக்கிழமைக்குள் பிள்ளைகளுக்கு ஒரு கையேடு கொடுக்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து வந்த மலைச் சைக்கிள் ஒன்று வகுப்பில் நிற்கிறது. முன்னுக்கும் சொக் (குலுக்கலைத் தாங்கும் பாகம்), பின்னுக்கும் சொக், ரயரில் 29 என்று போட்டிருக்கிறது. நேற்று இரணைமடுப் பக்கம் கிறவல் பாதையில் ஓடிப் பார்த்தேன். மழை அரித்த பள்ளம் வந்தால் வழக்கமாகச் சீற்றை விட்டு எழும்புவேன், இதில் இருந்தபடியே உழக்க முடிந்தது. முன்சில்லு கல்லில் முட்டி நிற்காமல் ஏறி உருண்டு போகிறது. ஏற்றத்தில் மட்டும் ஒவ்வொரு உழக்குக்கும் பின்பக்கம் அமுங்கி அமுங்கி எழும்பியது, சொக்கில் காற்றுக் குறைவு. எனக்கு இரண்டு சொல் வேண்டும்: ஒன்று இந்தச் சைக்கிளுக்கு, மற்றது ஆள் ஏறி இருந்ததும் சொக் இறங்கும் அளவுக்கு. சொக்கின் தண்டு 50 மி.மீ. ஓடும் என்றால் ஏறத்தாழ 15 மி.மீ. இறங்க வேண்டும். அதைப் பார்த்துத்தான் காற்று அடிக்கிறோம்.

வவுனியாவிலிருந்து, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

தம்பி, முதலில் சைக்கிளை விடுங்கள், ஈருருளி இருக்கிறது. சில்லுக்கு ஆழி, திகிரி, நேமி என்று எத்தனை சொல்! எல்லாவற்றிலும் அழகானது கால். ‘கடலோடா கால்வல் நெடுந்தேர்’ என்று வள்ளுவர் சொன்ன கால் சில்லுதானே. நடப்பதற்குக் கால், ஓடுகிற காற்றுக்கும் கால், வாய்க்காலிலும் கால். ஓட்டம் எங்கே உண்டோ அங்கே அந்தச் சொல் நிற்கிறது. ஆகவே ‘பெருங்கால் ஈருருளி’. அதிர்வைத் தாங்குவது அந்தப் பெயரிலேயே அடங்கும் என்பது என் எண்ணம்.

புதுக்குடியிருப்பிலிருந்து, சைக்கிள் கடைக்காரர்:

ஐயா, சொல் நல்லாத்தான் இருக்கிறது, ஆனால் ‘பெரு’ என்பது கணக்கில் பிழைக்கும். 29 என்பது றிம்மின் அளவு இல்லை. ரயர் இருக்கும் இடத்தில் இதன் விட்டம் 622 மி.மீ., அதில் 57 மி.மீ. தடித்த ரயர் இரண்டு பக்கமும் சேர்ந்தால்தான் 736 மி.மீ., அதாவது 29 அங்குலம். எங்கள் அப்பாமார் நெல்மூட்டை கட்டி உழக்கிய 28 அங்குலச் சைக்கிளின் றிம் 635 மி.மீ., இதைவிடப் பெரிது! மலைச் சைக்கிளில் முன்பு வந்த 26 அங்குலம் 559 மி.மீ., அதோடு ஒப்பிட்டுத்தான் இது பெரிய சில்லு. பழைய சைக்கிளைப் பார்த்து வளர்ந்த பெடியன் ‘பெருங்கால்’ என்றால் எதை நினைப்பான்? 28க்கு உரிய ரயரை வாங்கி வந்து இதில் ஏற்றப் பார்ப்பான், அது ஒருநாளும் சரியாக இருக்காது. கையேட்டில் 622 என்ற எண்ணைப் போடுங்கள்.

முள்ளியவளையிலிருந்து, விஞ்ஞான ஆசிரியை:

அண்ணா சொன்ன கணக்கு சரி. சொக்குக்கு என் யோசனை வில். பள்ளிக்கூடத்தில் விற்றராசு படிக்காத பிள்ளை இல்லை. உள்ளே சுருள் இருந்தாலும் காற்று இருந்தாலும் வேலை வில்லின் வேலைதான். முன்னும் பின்னும் வில் இருப்பதால் ‘இருவில் சைக்கிள்’. ‘தொங்கல்’ என்று மட்டும் மொழிபெயர்க்க வேண்டாம், அது இரசாயனத்தில் கரையாமல் நிற்கும் துகளுக்குப் போய்விட்டது. இறங்கும் அளவை ‘அமுக்கம்’ என்றும் சொல்லக் கூடாது. காற்றின் அமுக்கமும் அதே பக்கத்தில் வரும், பிள்ளைகள் குழம்புவார்கள். ‘பதிவு’ எப்படி? பாரம் ஏற்றினால் வில் பதிகிறது என்று சொல்கிறோமே.

வவுனியா ஆசிரியர் மீண்டும்:

மகள், வில் நல்ல சொல், மறுக்கவில்லை. ஆனால் வன்னியில் இருந்துகொண்டு வில் என்றால் வில்பத்துக் காட்டை நினைக்காமல் இருக்க முடியுமா? அங்கே வில்லு என்றால் நீர் தேங்கும் பள்ளம். கொக்குவில், இணுவில், மந்துவில் எல்லாவற்றிலும் அதே வில்தான் என்பது என் நெடுநாள் கருத்து, அதைப் பற்றித் தனியாக எழுதுகிறேன். இன்னொன்று, யாராவது ‘ஈர்வில்’ என்று எழுதிவிட வேண்டாம். உயிர் வந்தால்தான் ஈர், ஈருருளி போல. இங்கே வகரம் வருகிறது, ‘இருவில்’ என்பதே சரி. ‘பதிவு’ எனக்குப் பிடிக்கவில்லை, பிறப்புப் பதிவு போல் இருக்கிறது. ‘தாழ்வு’ என்னுங்கள்.

புதுக்குடியிருப்பு:

தாழ்வு என்றால் கடையில் ஒருவருக்கும் விளங்காது ஐயா. நாங்கள் ‘எவ்வளவு பதியுது’ என்றுதான் கேட்கிறோம்.

கிளிநொச்சி:

எல்லோருக்கும் நன்றி. நேரம் இல்லாததால் இப்போதைக்கு ‘இருவில் சைக்கிள்’ என்று போடுகிறேன். மூன்று பேர் சரி என்கிறோம், ஐயாவுக்கு ஈருருளி இல்லாத குறை இருக்கிறது என்று தெரியும், அதனால் முதல் பக்கத்தில் ஒருமுறை ‘ஈருருளி’ என்றும் எழுதுகிறேன். சில்லுக்குப் பெயர் வைக்கவில்லை, ‘622 சில்லு’ என்றே விடுகிறேன். மற்றதற்கு ‘பதிவு’ என்று எழுதி, பக்கத்தில் தண்டின் படம் போட்டு, அந்தத் தண்டில் இருக்கும் றப்பர் வளையம் எங்கே நின்றால் 15 மி.மீ. என்று குறித்துவிடுகிறேன்.

வவுனியா:

போடுங்கள் தம்பி. ஆனால் அடுத்த பதிப்பில் கால் வர வேண்டும், அதை நான் விடமாட்டேன்.