ஆஃப்செட்டுக்குத் தமிழ் என்ன? (அவசரம்)

மொழிபெயர்ப்பாளர்:
அனைவருக்கும் வணக்கம். கரடுமுரடான தடங்களில் ஓட்டும் பயன்பாட்டு வண்டிக்குச் சக்கரமும் டயரும் மாற்றுவது பற்றிய கையேட்டைத் தமிழாக்கிக் கொண்டிருக்கிறேன். நாளை மறுநாள் கெடு. 30×10-14 என்ற டயர் அளவில் தொல்லையில்லை: உயரம் 30 அங்குலம், அகலம் 10, ரிம் 14. 4×137 என்பதும் சரி: நான்கு போல்ட்டுகள், அவை அமைந்த வட்டத்தின் விட்டம் 137 மி.மீ. ஆஃப்செட்டில்தான் மாட்டிக்கொண்டேன். சக்கர அகலத்தின் நடுக்கோட்டுக்கும், ஹப்பில் (சக்கரத்தைப் பொருத்தும் அச்சு முனையில்) சக்கரம் உட்காரும் முகத்துக்கும் இடையே உள்ள தூரம் அது. 'விலகல்' என்று போட்டுவிடலாமா?

தமிழாசிரியர்:
அது இருக்கட்டும், 'சக்கரம்' எதற்கு? திகிரி, ஆழி, நேமி எல்லாம் எங்கே போயின? குறள் 496-இல் 'கால்வல் நெடுந்தேர்' என்கிறார் வள்ளுவர். கால் என்றால் அங்கே சக்கரம். கால் என்றால் காற்றும்தான். காற்றடைத்த சக்கரத்துக்கு இதைவிடப் பொருத்தமான சொல் கிடைக்குமா?

பட்டறைக்காரர்:
ஐயா, 'மணலில் இறங்குமுன் நான்கு கால்களிலும் காற்றைக் குறைக்கவும்' என்று எழுதினால் படிக்கிறவர் மாட்டு வைத்தியரைத் தேடிப் போவார். ஆஃப்செட்டை ஆஃப்செட் என்றே விடுங்கள். கடையில் அப்படித்தான் கேட்பார்கள்.

விரிவுரையாளர்:
'விலகல்' ஒளியியலில் மாட்டிக்கொள்ளும், அங்கே ஒளிவிலகல் இருக்கிறது. அதைவிடப் பெரிய சிக்கல் குறியில். நேர் எண்ணாக (+) இருந்தால் சக்கரம் வண்டிக்கு உள்பக்கம் போகும், எதிர் எண்ணாக (−) இருந்தால் வெளியே துருத்தும். 'விலகல் +40' என்று படிக்கிறவர் வெளியேதான் நீட்டுகிறது என்று நினைப்பார். அப்படியே தலைகீழ்! இதில் பிழை வந்தால் சும்மா போகாது. உள்ளே போனால் டயர் சஸ்பென்ஷன் கையில் உரசும். வெளியே போனால் வண்டி அகன்று நிற்கும், ஆனால் பேரிங்குக்குச் சுமை கூடும், சேறும் மேலே வாரியடிக்கும். எனவே 'உள்வாங்கல்'. கடல் உள்வாங்கியது என்கிறோமே, அதுபோல. எண் கூடக்கூட உள்ளே.

தமிழாசிரியர்:
இப்போதெல்லாம் பாடத்தைக்கூட 'உள்வாங்குகிறார்கள்'. சக்கரமும் உள்வாங்குமோ?

விரிவுரையாளர்:
வாங்கும் ஐயா. பல சக்கரங்களில் ஆஃப்செட்டை 'ஈ.டி.' என்று பொறித்திருப்பார்கள். அது 'ஐன்பிரெஸ்டீஃப' என்ற ஜெர்மன் சொல்லின் சுருக்கம். பொருள்: உள்ளே அழுத்திய ஆழம். ஜெர்மன்காரரும் நம் வழிக்குத்தான் வந்திருக்கிறார்.

பட்டறைக்காரர்:
அப்போ எதிர் எண் வந்தால்? 'எதிர் உள்வாங்கல்' என்பீர்களா? அதற்கு 'வெளித்தள்ளல்' என்று தனியாகச் சொல்லலாமே.

மொழிபெயர்ப்பாளர்:
ஒரே அட்டவணையில் ஒரே நெடுவரிசை ஐயா, இரண்டு பெயர் வைக்க முடியாது. அப்புறம், பீட்லாக் என்று ஒன்று இருக்கிறது. காற்றை மிகவும் குறைத்து ஓட்டினால் டயரின் ஓரம் ரிம்மிலிருந்து கழன்றுவிடும். கழலாதபடி ஒரு வளையத்தை வைத்துப் போல்ட் போட்டு இறுக்குவார்கள். அந்த ஓரத்துக்கு ஆங்கிலத்தில் பீட் என்று பெயர். பீட் என்பது மணி அல்லவா, 'மணிப்பூட்டு' எப்படி?

தமிழாசிரியர்:
கோயில் நகைப்பெட்டி போலிருக்கிறது. 'ஓரப்பூட்டு' போதும்.

பட்டறைக்காரர்:
இதற்கு நான் சம்மதம். இந்த இழையில் முதல் தடவை.

மொழிபெயர்ப்பாளர்:
நன்றி. ஓரப்பூட்டு உறுதி. உள்வாங்கலுக்கு ஆறு பேர், ஆஃப்செட்டுக்கு நான்கு பேர். மற்றவர்கள் தூங்கப் போய்விட்டார்கள் போல. முதல் இடத்தில் 'உள்வாங்கல் எனப்படும் ஆஃப்செட்' என்று எழுதி, அட்டவணையில் உள்வாங்கல் மட்டும் வைக்கிறேன். 'சக்கரம்' அப்படியே இருக்கும், ஆசிரியர் ஐயா மன்னிக்கவும்.

தமிழாசிரியர்:
மன்னிக்கிறேன், ஆனால் ஏற்கவில்லை. 'கால்' என்பதற்கு இன்னும் மூன்று மேற்கோள் வைத்திருக்கிறேன். இன்றிரவு தட்டச்சு செய்து அனுப்புகிறேன்.