காலி நாற்காலியும் பெரியம்மாவும்

இந்த நொடியில் மனசிலும் உடம்பிலும் நடப்பதைக் கவனிக்க வைக்கும் உளவியல் சிகிச்சை கெஸ்டால்ட். அதற்கான பயிற்சியில் சேர்ந்து இரண்டு வருடம் ஆகிறது. மாதம் ஒரு சனி, ஞாயிறு. ராமேசுவரம் பக்கத்து ஊரான மண்டபத்திலிருந்து ராத்திரி ரயில். ஏதோ டெக்னிக் சொல்லித் தருவார்கள் என்று போனேன். முதல் வருடம் முழுக்க வேலை நம்மேலேயேதான். மூன்று மூன்று பேராக உட்காருவோம். ஒருவர் பேச, ஒருவர் சிகிச்சையாளராகக் கேட்க, மூன்றாமவர் கவனிப்பார்.

ஒருநாள் என் முறை. என்னோடு சண்டை போட்டுப் பேசாமலே செத்துப்போன அப்பாவைப் பற்றி, செய்தி வாசிப்பதுபோல் சொல்லிக்கொண்டிருந்தேன். பயிற்றுநர் குறுக்கே வந்து, "உங்க வலது கை இப்ப என்ன செய்யுது?" என்றார். குனிந்து பார்த்தால், பெருவிரலும் ஆள்காட்டி விரலும் இல்லாத இழையை இழுத்து முடிச்சுப் போட்டுக்கொண்டிருக்கின்றன. கிழிந்த வலையைச் சரிபண்ணும்போது அப்பா போடுகிற முடிச்சு.

ஏன் என்று அவர் கேட்கவே இல்லை. ஏன் என்றால் விளக்கம்தான் வரும். என்ன, எப்படி என்று கேட்பதுதான், இந்தச் சிகிச்சையைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஃபிரிட்ஸ் பெர்ல்ஸ் காலத்து வழக்கம். "அதையே கொஞ்சம் பெருசாப் போட்டுக் காட்டுங்க." அப்புறம் எதிரே காலி நாற்காலி வந்தது. அதில் அப்பா இருப்பதாக நினைத்து அரைமணி நேரம் அவரிடம் பேசினேன்.

அந்தத் தெம்பில் நான் அடித்த கூத்தைச் சொல்ல வேண்டும். பெரியப்பா கடலுக்குப் போய்ப் பதினோரு வருடம், உடல் கிடைக்கவில்லை. ஊருக்கு வந்ததும் பெரியம்மா முன்னால் பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு, "பெரியப்பா இதுல இருக்கார்னு நெனச்சுப் பேசுங்க" என்றேன். மீன் ஆய்ந்துகொண்டிருந்தவர் கையை நிறுத்தவில்லை.

"அவரு என்னைக்குடா நாற்காலில உக்காந்தாரு? தண்ணிப் பானைகிட்ட செவத்துல சாஞ்சுல்ல உக்காருவாரு."

பிறகு அந்தச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்து என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. நாற்காலியை எடுத்து வைத்துவிட்டு டீ போடப் போனேன்.

செய்ததை மூத்த சிகிச்சையாளரிடம் சொல்லி அலசும் சூப்பர்விஷனில் வாங்கிக் கட்டிக்கொண்டேன். சொந்தக்காரர்களுக்குச் சிகிச்சை செய்யக் கூடாது என்பது சரி, அது தெரிந்ததுதான். "அவங்க உங்ககிட்ட கேட்டாங்களா?" என்றதற்குத்தான் என்னிடம் பதில் இல்லை.

*

மேலே எழுதியவர் வேறு, நான் வேறு; கீழக்கரையிலிருந்து எழுதுகிறேன். இதே பயிற்சி, முதல் வருடம். மனநலம் பாதித்தவர்களைக் குணமாக வேண்டி தர்காவுக்குக் கூட்டிவரும் ஊர் ஏர்வாடி. 2001 ஆகஸ்டில் அப்படிச் சங்கிலியில் கட்டிவைத்த 28 பேர் தீயில் மாண்ட அந்த ஊருக்கு விடுமுறை நாட்களில் உதவிக்குப் போவேன். மகனைக் கூட்டிக்கொண்டு வெளியூரிலிருந்து வந்த ஓர் அம்மாவிடம், பாடத்தில் சொன்னபடி, "இப்ப உடம்புல என்ன தோணுதும்மா?" என்றேன்.

"பசிக்குது தம்பி."

மூன்று பேரும் இட்லி சாப்பிடப் போனோம்.