காப்பு நமப்பு: ஹீட்டர் பழுது ஒன்றுக்குப் பெயர் தேடி

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

தொழிற்சாலை ஹீட்டர் பராமரிப்புக் கையேட்டில் நாம் பெயரில்லாமல் விட்டுவைத்த அந்தப் பழுதுக்கு மீண்டும் வருகிறேன். ஈரம் ஏறி மின்காப்புத் தடை, அதாவது மின்சாரம் வெளியுறைக்குக் கசியாமல் தடுக்கும் திறன், விழுந்துபோகும் நிலையைத்தான் சொல்கிறேன். 'ஈரக்கசிவு' எனலாம் என்று ஐயா ஒருவர் எழுதியிருந்தார். மன்னிக்க வேண்டும், எனக்கு உடன்பாடில்லை. வெந்நீர்த் தொட்டியருகே நிற்கும் எலக்ட்ரீஷியன் அதைப் படித்தால் தொட்டியில் ஓட்டை தேடுவார். அங்கே கசிவது மின்சாரம், தண்ணீர் அன்று.

நான் வேலை பார்த்த ஆலையில் நடந்ததைச் சொல்கிறேன். தொட்டியில் மூன்று குழல் ஹீட்டர்கள். ஒவ்வொன்றும் 230 வோல்ட், 3 கிலோவாட். அடைமழையில் பத்து நாள் மூடிக் கிடந்த ஆலையைத் திறந்து சுவிட்சைப் போட்டதும், மின்சாரம் தரைக்குக் கசிந்தால் இணைப்பைத் துண்டிக்கும் எர்த் லீக்கேஜ் பிரேக்கர் விழுந்தது. மல்டிமீட்டரில் மூன்றுமே 17.6 ஓமை ஒட்டிக் காட்டின. அந்தத் திறனுக்கு அதுதான் சரியான அளவு. ஆகவே உள்ளே சூடாகும் நைக்ரோம் இழை அறவில்லை. இணைப்பைக் கழற்றி, இழைக்கும் வெளியுறைக்கும் இடையே காப்புத் தடையை அளக்கும் 500 வோல்ட் மெக்கரை வைத்தபோது இரண்டு ஹீட்டர்களில் முள் சுழியத்தை விட்டு எழவில்லை. 30 மில்லி ஆம்பியருக்கு விழும் பிரேக்கரைத் தட்டிவிட, காப்புத் தடை சுமார் 7,700 ஓமுக்கு இறங்கினாலே போதும். "பாடி ஆகிவிட்டது" (மின்சாரம் உறைக்கு வந்துவிட்டது) என்று இரண்டையும் பழைய இரும்போடு சேர்த்தார்கள். எனக்கு மனம் கேட்கவில்லை. எடுத்துவந்து, முனைகளைத் துடைத்து, 120 டிகிரி செல்சியஸ் அடுப்பில் ஓர் இரவு முழுக்க வைத்தேன். காலையில் இரண்டும் 100 மெகா ஓமைத் தாண்டியிருந்தன.

குழலுக்குள் இழையைச் சுற்றி இறுக்கி நிரப்பியிருப்பது மெக்னீசியம் ஆக்சைடுத் தூள். வெப்பத்தைக் கடத்தும், மின்சாரத்தைத் தடுக்கும். ஆனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். முனையிலுள்ள அடைப்பு தளர்ந்து, ஹீட்டர் நாள்கணக்கில் சூடாகாமல் கிடந்தால் அந்தத் தூள் என்ன ஆகும்? மூடாத டப்பாவில் இருக்கும் அப்பளம் என்ன ஆகுமோ அதுதான். மழைக்காலத்துத் தீக்குச்சியும், தீபாவளிக்கு மறுநாள் கிடக்கும் பட்டாசும் அப்படித்தான். இதற்குத் தமிழில் சொல் இருக்கிறது: நமத்துப்போதல்.

எனவே என் முன்மொழிவு 'காப்பு நமப்பு'. இழத்தலிலிருந்து இழப்பும் இறத்தலிலிருந்து இறப்பும் வந்ததுபோல நமத்தலிலிருந்து நமப்பு. 'பழுது' என்றாலே தூக்கிப்போடத் தோன்றுகிறது. நமத்தது என்று கேட்ட மாத்திரத்தில், காய்ந்தால் சரியாகும் என்று யாருக்கும் புரியும். அந்தச் சொல் அன்று எங்கள் பலகையில் இருந்திருந்தால் அந்த ஹீட்டர்கள் குப்பைக்குப் போயிருக்க மாட்டா.

சமையலறைச் சொல் கையேட்டுக்கு ஆகாது என்று ஒரு தோழி தனிமடலில் எழுதினார். சோறு பொங்க வைப்பதும் உலைதான், கொல்லன் பட்டறையில் இருப்பதும் உலைதான். அணு உலை என்று எழுத நாம் தயங்கினோமா?

நமப்பைப் போக்கச் செய்யும் வேலைக்கு 'வாட்டல்' என்பேன். 'உலர்த்தல்' மிகப் பொது. கொடியில் போட்டாலும் உலர்த்தல்தான். 'புடமிடல்' அழகான சொல், ஆனால் அது பொருளையே மாற்றிவிடும் நெருப்பு. பொதி கட்டுமுன் வாழையிலையை அனலில் காட்டுகிறோமே, கருகாமல், பொறுமையாக, அந்த அளவான சூடுதான் இங்கே தேவை. சூடு மிகுந்தால் முனை அடைப்பு வெந்துபோகும்.

இதில் இன்னொரு பயனும் உண்டு: வாட்டினால் நமப்பையும் உண்மையான பழுதையும் பிரித்தறியலாம். வாட்டிய இரண்டில் ஒன்றின் காப்புத் தடை, தொட்டிக்குப் போன மறுநாளே மீண்டும் சுழியத்துக்கு விழுந்தது. படிந்திருந்த உப்பைச் சுரண்டியபோது உறையில் ஊசித்துளை தெரிந்தது. அது நமப்பு அன்று. மாற்றித்தான் ஆக வேண்டும். கையேட்டு வரியை இப்படி எழுதலாமா என்று பாருங்கள்: "இழைத் தடை சரியாக இருந்து காப்புத் தடை 1 மெகா ஓமுக்குக் கீழே இருந்தால் காப்பு நமப்பு எனக் கொண்டு வாட்டுக. வாட்டிய பின்னும் விழுந்தால் உறையைச் சோதிக்க."

உறையில் விழும் அந்தத் துளைக்கு 'உறைப்புரை' என்று குறித்து வைத்திருக்கிறேன். அதில் எனக்கு இன்னும் நிறைவில்லை. கப்பலிலோ கொதிகலனிலோ வேலை செய்தவர்கள் இருந்தால், அங்கே வழங்கும் சொல்லைத் தெரிவியுங்கள்.