ஊட்டியிலிருந்து சிட்னி: கீழே எப்போது இறங்குவது?

வணக்கம் மக்களே, டிசம்பரில் எழுபது வயது தாண்டிய இருவர் ஊட்டியிலிருந்து சிட்னி போகிறார்கள். வழித்தடம் கோவை - சிங்கப்பூர் - சிட்னி.

கோவையிலிருந்து சிட்னி நேர்கோட்டில் சுமார் 9,300 கி.மீ. சிங்கப்பூர் வழியாகப் போனால் 200 கி.மீ.தான் கூடுதல், அதனால் சுற்று என்று சொல்ல முடியாது. முதல் பறப்பு நாலு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல், அடுத்தது எட்டு மணி நேரத்தை ஒட்டி. டிசம்பரில் சிட்னி கடிகாரம் நம்மைவிட ஐந்தரை மணி முன்னால் ஓடும் (ஜூனில் நாலரைதான்).

இரண்டு பறப்பும் ஒரே டிக்கெட்டில்தான். தனித்தனியாக எடுத்தால் மலிவு, ஆனால் பெட்டியை சிங்கப்பூரில் எடுத்து மறுபடி போட வேண்டிவரும். அதற்குக் குடிநுழைவைத் தாண்ட வேண்டும், விசாவும் தேவைப்படலாம். முதல் விமானம் தாமதமானால் அடுத்த டிக்கெட் காசும் போச்சு.

சிக்கல் மலைப்பாதைதான். மழையில் குன்னூர் - மேட்டுப்பாளையம் சாலையில் பர்லியார் பக்கம் மண் சரிந்தால் கோத்தகிரி வழியாக இறங்க வேண்டும். விமான நிலைய செக்-இன் கவுண்டரோ புறப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பே மூடிவிடும்.

டிசம்பரில் விமான நிலையம் போய்வந்தவர்கள் சொல்லுங்கள்: ஊட்டியிலிருந்து எத்தனை மணி நேரம் முன்பு கிளம்பினீர்கள்? முந்தின நாளே மேட்டுப்பாளையத்தில் தங்குவது தேவையா? கொண்டை ஊசி வளைவில் வாந்தி வராமல் மெதுவாக ஓட்டும் டிரைவர் யாராவது தெரிந்தால் இன்பாக்ஸில் சொல்லுங்கள்.