வால்வு சிக்னல் ஜெனரேட்டர்: மேல் பேண்டில் அவுட்புட் இல்லை, கீழ் பேண்டில் ஹம்

பேட்டை_பெஞ்ச்:
அண்ணாச்சிமாருக்கு வணக்கம். பழைய வால்வு ஆர்.எஃப். சிக்னல் ஜெனரேட்டர் (ரேடியோவைச் சோதிக்க ரேடியோ அலை உண்டாக்குற கருவி) ஒண்ணு பெஞ்சில இருக்கு. ஆறு பேண்டு, அலையை உண்டாக்குற ஆசிலேட்டர் 12ஏயு7 வால்வு, ஏ.சி.யை டி.சி. ஆக்க செலினியம் ரெக்டிஃபையர். கீழ் நாலு பேண்டு ஓடுது, 10 மெகாஹெர்ட்ஸுக்கு மேல ஒண்ணுமே இல்ல. மாடுலேஷனை (அலை மேல ஏத்துற ஒலியை) ஆஃப் பண்ணினாலும் ரேடியோவுல ஹம் (உறுமல்) கேக்குது. சர்க்யூட்டுல பி-பிளஸ் (வால்வுக்குப் போற டி.சி.) 130 வோல்ட்னு இருக்கு, மீட்டர் 84 காட்டுது. செகண்டரி ஏ.சி. சரியா இருக்கு. டயலும் தள்ளிக் காட்டுது. டிரிம்மரை (டயலைச் சரி பண்ணுற குட்டி கண்டென்சரை) திருப்பிப் பாக்கலாமா?

பாளை_வால்வு:
டிரிம்மரைத் தொட்டுராதிய. 84 வோல்ட்டுல ஓடும்போது டயலைச் சரி பண்ணினா, 130 வந்ததும் அது மறுபடியும் தள்ளிப் போகும். முதல்ல பவர் சப்ளை.

ஏ.சி. சரி, டி.சி. கம்மின்னா செலினியம் தளந்திருக்கு. வயசாக ஆக அதோட உள் ரெசிஸ்டன்ஸ் கூடிக்கிட்டே போகும். கூடவே ஹம் இருக்குன்னா ஃபில்டர் கண்டென்சரும் காஞ்சிருக்கு. ரெண்டையும் மாத்துங்க. மேல் பேண்டு நின்னதுக்கும் இதுதான் முதல் சந்தேகம். ஃப்ரீக்வென்சி ஏற ஏறக் காயில்ல லாஸ் கூடும், வோல்ட்டேஜ் குறைஞ்ச வால்வுக்குக் கெயின் பத்தாது.

செலினியத்துக்குப் பதிலா 1என்4007 சிலிக்கான் டயோடு. நேரா போட்டா வோல்ட்டேஜ் எகிறிரும். அதனால டயோடுக்கும் முதல் கண்டென்சருக்கும் நடுவுல 220 ஓம் 5 வாட் வச்சு ஆரம்பிச்சு, 130 வரைக்கும் மதிப்பைக் கூட்டிப் பாருங்க. பழைய செலினியத்தை லோடுல வச்சுச் சோதிக்காதிய, கருகினா வர்ற புகை விஷம். ஃபில்டர் 20 மைக்ரோஃபாரட்னா 22 மைக்ரோஃபாரட் 400 வோல்ட், 105 டிகிரி. பெருசா இருந்தா நல்லதுன்னு 100 போட்டா டயோடும் டிரான்ஸ்ஃபார்மரும்தான் அடி வாங்கும்.

மெழுகு பூசின பேப்பர் கண்டென்சர் எல்லாத்தையும் 630 வோல்ட் பாலியெஸ்டரா மாத்துங்க. மெயின்ஸ்ல இருந்து சேஸிஸுக்கு (உலோகச் சட்டத்துக்கு) போறது மட்டும் ஒய்2ங்கிற பாதுகாப்பு ரகமா இருக்கணும், அது ஷார்ட் ஆனா பெட்டி முழுக்க கரண்டு. ரெண்டு பின் வயர் இருந்தா மூணு பின்னாக்கி சேஸிஸை எர்த் பண்ணிருங்க. காயிலோட சேந்த மைக்கா கண்டென்சரைக் கழட்டவே கூடாது, டயல் அளவு அதை நம்பித்தான் இருக்கு.

முதல் தடவை, மெயின்ஸோட வரிசையில 40 வாட் பல்பு போட்ட சீரிஸ் போர்டுல ஓட்டுங்க. அதுல இருக்கும்போது வோல்ட்டேஜ் குறைவாத்தான் காட்டும், அதை வச்சு ரெசிஸ்டரைத் தீர்மானிக்காதிய.

பேட்டை_பெஞ்ச்:
மாத்தியாச்சு. 128 வோல்ட், ஹம் இல்ல. அஞ்சாவது பேண்டு வந்துட்டு. ஆறாவதுல டயலைப் பாதிக்கு மேல திருப்பினா நிக்கு, திருப்பும்போது கரகரப்பு.

தென்காசி_சாரல்:
திருப்பும்போது கரகரன்னா கேங்கை (டயலோட சேந்து திரும்புற கண்டென்சரை) பாருங்க அண்ணாச்சி. ரோட்டார் தண்டை அழுத்தி நிக்கிற மெல்லிசான ஸ்பிரிங் விரல் இருக்கும், சேஸிஸ் கனெக்‌ஷன் அதுலதான். அங்க பழைய கிரீஸ் இறுகிக் கருப்பாப் படிஞ்சிருக்கும். ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலை பிரஷ்ல தொட்டுத் துடைச்சு, கான்டாக்ட் கிளீனர் ஒரு சொட்டு விட்டு, கேங்கை முழுசா இருபது தடவை திருப்புங்க. கீழ் பேண்டுல இந்த அழுக்கு தெரியாது, மேல் பேண்டுலதான் ஆளைக் காட்டிக் கொடுக்கும்.

பேண்டு சுவிட்ச்சையும் அப்படியே துடைங்க. எங்க பக்கம் சாரல் சீசன்ல ஈரம் ஏறி வெள்ளிக் கான்டாக்ட் கறுக்கும். டபிள்யூடி-40, தேங்காயெண்ணெய் ரெண்டும் வேண்டாம், படலம் நின்னு தூசியை இழுக்கும்.

ஆசிலேஷன் இருக்கான்னு பாக்க மீட்டர் புரோப் நுனியில 1 மெகாஓம் ரெசிஸ்டர் வச்சு ஆசிலேட்டர் வால்வோட கிரிட் பின்னைத் தொடுங்க. ஓடுச்சுன்னா சில வோல்ட் மைனஸ் காட்டும். டயலைச் சுத்தச் சுத்த அது சுழியத்துக்கு இறங்குற இடம்தான் நின்ன இடம். துடைச்ச பிறகும் இறங்கினா வேற 12ஏயு7 செருகிப் பாருங்க.

முத்துநகர்_எம்.டபிள்யூ:
வால்வு மாத்தினாலும் டயல் லேசா நகரும், அதனால எல்லாம் முடிச்சு அரை மணி நேரம் சூடாக விட்டுட்டுப் பாருங்க. ஃப்ரீக்வென்சி கவுன்டர் இல்லேன்னா வானொலியே போதும். திருநெல்வேலி நிலையம் 1197 கிலோஹெர்ட்ஸ், தூத்துக்குடி 1053. நிலையம் ஒலிக்கிற நேரத்துல ரேடியோவை அதுல வச்சு, மாடுலேஷன் இல்லாம ஜெனரேட்டரைப் பக்கத்துல கொண்டாங்க. விசில் கேக்கும். அது தணிஞ்சு தணிஞ்சு அடங்குற இடம்தான் சரியான இடம்.

ரேடியோவோட ஐ.எஃப். (உள்ள இருக்கிற இடைநிலை அலைவரிசை) சரி பண்ண 455 கிலோஹெர்ட்ஸ் வேணும்லா? அதுக்கும் இதே வழிதான். ஜெனரேட்டரை 399ல வச்சா மூணாவது ஹார்மோனிக் (மூணு மடங்கு) 1197ல விழும், 526.5ல வச்சா ரெண்டாவது 1053ல விழும். 455 இந்த ரெண்டுக்கும் நடுவுல இருக்கு. ரெண்டு இடத்துலயும் டயல் ஒரே பக்கமா, ஒரே அளவு தள்ளினா முள் தண்டுல வழுக்கியிருக்கு, ஸ்க்ரூவைத் தளத்தி முள்ளை மட்டும் நகத்துங்க. வேற வேற அளவுல தள்ளினாத்தான் டிரிம்மர். பேண்டோட கீழ்முனைக்குக் காயில் கோர், மேல்முனைக்கு டிரிம்மர், ஒண்ணு மாத்தினா மத்தது நகரும், அதனால ரெண்டு மூணு சுத்து வரும். பெட்டியை மூடிட்டு ஒரு தடவை பாத்துக்கிடுங்க, திறந்து வச்சிருக்கும்போது சரியா இருக்கிறது மூடினதும் கொஞ்சம் நகரும்.